கண்ணாடித் தகட்டிலிருந்து கைப்பேசி வரை

சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படும் ரயில்கள் முதலில் கடக்கும் சந்திப்பு பேசின் பிரிட்ஜ் ஆகும். இங்கிருந்து ஒரு பாதை வடக்கே கும்மிடிப்பூண்டி நோக்கியும், மற்றொன்று மேற்கே அரக்கோணம் நோக்கியும் செல்கின்றன. அருகே பக்கிங்காம் கால்வாய். சற்றுத் தொலைவில் ராயபுரமும் துறைமுகமும். இந்த வட்டாரத்தில் இன்று கைப்பேசி இல்லாத இளைஞரைக் காண்பது அரிது. கைப்பேசி இருந்தால் அதில் காமிராவும் உண்டு. ஆகவே, "தனிக் காமிரா இனி எதற்கு?" என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விடை காண, பேசின் பிரிட்ஜ் நடைமேடையைக் கடந்து செல்லும் ஒரு ரயிலையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொண்டால், வினாடிக்கு 10 மீட்டர் நகரும்.

ஓடும் ரயிலைப் படம்பிடிக்க முடியாத காலம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து தொடங்கியது. அப்போது பரவலாக இருந்த படமுறை, 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையாகும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படமெடுக்க வேண்டும். உடனே இருட்டறைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவவும் வேண்டும். சென்னையின் வெயிலில் தகடு எவ்வளவு விரைவில் உலர்ந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தகட்டின் மீது ஒளி பட வேண்டிய நேரமோ பல வினாடிகள். ஐந்து வினாடி என்று வைத்துக்கொண்டாலும், நமது ரயில் அதற்குள் 50 மீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் மிஞ்சுவது வெறும் புகைபோன்ற தடமே. அக்காலப் படங்களில் கோயில்களும் கோட்டைகளும் அசையாமல் அமர்ந்த மனிதர்களுமே நிறைந்திருப்பதன் காரணம் இதுதான்.

இந்தக் குறைகளுக்கிடையிலும் பெரும் பணி நடந்தது. ராயபுரம் ரயில் ஓடத் தொடங்கிய அதே 1856இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் அமைத்தார். இன்று கைப்பேசியைக் கிடைவாட்டில் நகர்த்தினால் தானே ஒட்டிக்கொள்ளும் அகலப்படத்தின் முன்னோடி அது. அன்று கையும் கத்தரியும் செய்ததை இன்று கணிப்பொறிச் சில்லு செய்கிறது.

காமிரா யார் கையில் இருந்தது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பஞ்ச நிவாரண வேலையாகவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. பேசின் பிரிட்ஜ் வழியாகச் செல்லும் பழைய கால்வாயும் அதனுடன் சேர்ந்து, அப்போதைய ஆளுநரின் நினைவாகப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் ஆன மக்களை ஹூப்பர் என்ற படை அதிகாரி படமெடுத்தார். அவர்கள் வரிசையாக அமர்ந்து லென்ஸை நோக்கியிருக்கிறார்கள். பசியால் வாடியவர்களும் படத்துக்காக அசையாதிருக்க வேண்டியிருந்தது! பத்து ஆண்டுகளுக்குள், 1886இல், பர்மாவில் படமெடுப்பதற்காக மரணதண்டனையைத் தாமதப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் இதே ஹூப்பர் விசாரணைக்கு உள்ளானார்.

அவருடைய பஞ்சப் படங்கள் இன்றும் மதிப்புமிக்க சான்றுகளே. ஆயினும், அவற்றில் காணப்படும் மக்களுக்குத் தம் துயரைத் தாமே பதிவு செய்ய வழி ஏதும் இருக்கவில்லை. கருவி விலை மிக்கது, கனம் மிக்கது, கற்பதற்கும் கடினமானது. ஆகவே யாரைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதெல்லாம் காமிராவை உடையவரின் முடிவாகவே இருந்தது.

பெட்டி சுருங்கிய கதை

1871இல் மேடாக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டு முறையை வெளியிட்டார். 1888இல் ஈஸ்ட்மன் சுருள் பொருத்திய கோடாக் பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1925இல் 35 மில்லிமீட்டர்ச் சுருளைப் பயன்படுத்தும் லைக்கா காமிரா சந்தைக்கு வந்தது. படமெடுக்கும் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஓடும் ரயிலும் படத்தில் நிற்கலாயிற்று.

நம் நாட்டில் சுருள் தயாரிப்பதற்காக உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960இல் நிறுவப்பட்டது. சுருளின் காலம் முடிந்தபோது அதுவும் நலிந்து மூடப்பட்டது.

சுருளை வீழ்த்தியது சிலிக்கான். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கும் சில்லின் கருத்தை உருவாக்கினர். 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கோடாக் பொறியாளர் சாசன் அமைத்த முதல் மின்னணுக் காமிரா சுமார் மூன்றரைக் கிலோ எடை கொண்டது. ஒரு படத்தைப் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. 1990களில் பாசம் குழுவினர் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் உணர்சில்லை வளர்த்தெடுத்ததும், காமிரா கைப்பேசிக்குள் நுழைய வழி பிறந்தது. உலகில் 2010இல் சுமார் 12 கோடி எண்ணிமக் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அது 90 இலட்சத்துக்கும் கீழே சரிந்தது.

இயற்பியல் என்ன சொல்கிறது?

தனிக் காமிராக்களில் பெரிய வகையின் உணர்சில்லு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். கைப்பேசிகளில் பல ஆண்டுகள் வழக்கிலிருந்த ஒரு சில்லின் பரப்பு சுமார் 24 சதுர மில்லிமீட்டர். அதாவது 36இல் ஒரு பங்கு. மழை பெய்யும்போது அண்டாவையும் டம்ளரையும் முற்றத்தில் வைத்தால் எதில் அதிக நீர் சேரும்? ஒளியும் அப்படியே. மெகாபிக்சல் எண்ணிக்கை பாத்திரத்தைத் தடுப்புகளாகப் பிரிப்பது போன்றது. அது பாத்திரத்தைப் பெரிதாக்குவதில்லை.

இக்குறையைக் கைப்பேசி கணக்கால் ஈடுசெய்கிறது. பொத்தானை ஒருமுறை தொட்டால் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி காண்கிறது. ஒவ்வொரு படத்திலும் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகள் இதனால் மறைகின்றன. அசையாத காட்சிக்கு இது அருமையான வழி. ஆனால் இரவில் நமது ரயிலை எடுத்துப் பாருங்கள். வினாடியில் 50இல் ஒரு பங்கு நேரத்துக்குள் ரயில் 20 சென்டிமீட்டர் நகரும். அடுத்தடுத்த படங்களில் அது வெவ்வேறு இடத்தில் இருப்பதால் கணக்குத் திணறுகிறது. பெரிய லென்ஸ் உள்ள தனிக் காமிராவோ குறைந்த நேரத்திலேயே போதிய ஒளியைத் திரட்டிவிடும். எண்ணூர்க் கழிமுகத்தில் தொலைவில் நிற்கும் பறவையை எடுக்கவும் நீண்ட லென்ஸே உதவும். பகலில் தெருவையும் முகங்களையும் எடுக்கக் கைப்பேசியே பெரும்பாலும் போதுமானது.

சான்றாகும் படம்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகப் பகுதியைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டியது. எரியும் தொட்டிகளைப் படமெடுத்தவர்கள் காமிரா வைத்திருந்த சிலரே. 2017 சனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. வாளிகளால் கசடு அள்ளப்பட்ட காட்சி கரையில் நின்றவர்களின் கைப்பேசிகளில் பதிவாயிற்று. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் அவ்வாறே. எண்ணெய் படிந்த வலையைக் காட்டும் படத்துக்கு அண்டாவளவு ஒளி தேவையில்லை. அந்த நேரத்தில் அங்கே ஒரு காமிரா இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் இங்கு இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, கைப்பேசி நிறத்தையும் வெளிச்சத்தையும் தானே திருத்துகிறது. சில கருவிகள் இல்லாத நுட்பங்களை ஊகித்தும் நிரப்புகின்றன. நீரின் நிறமே சான்றாக வேண்டிய இடத்தில் இத்திருத்தம் ஐயத்துக்கு இடம் தரும். தனிக் காமிராவில் திருத்தப்படாத மூலப்பதிவை வைத்துக்கொள்ளலாம். சில கைப்பேசிகளிலும் இவ்வசதி உண்டு. மற்றொன்று, ட்ரைப் எடுத்த படங்கள் 160 ஆண்டுகளுக்குப் பின்னும் காட்சியகங்களில் உள்ளன. கைப்பேசிப் படமோ கருவி பழுதடைந்தால் அதனுடன் அழிந்துபோகலாம். ஒருவர்க்கொருவர் அனுப்பும்போது சுருக்கப்பட்டு நுட்பமும் நாளும் இடமும் இழக்கிறது.

எனவே, நமது ஊரின் ஆற்றையோ கடலையோ படமெடுக்கும் மாணவர்கள் மூலப்படத்தை மாற்றாமல் இரண்டு இடங்களில் சேமித்து, நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து வைப்பது நலம். முக்கியமான படங்களை அச்சிட்டும் வைக்கலாம். ஹூப்பரின் படங்களில் உள்ள மக்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. எண்ணூரில் இன்று எடுக்கப்படும் படத்தின் பின்புறத்தில் பெயரை எழுதிவைக்க ஒரு பென்சில் போதும்.