மாணவர் கையில் ஒரு சங்கம்

1915-இல் அமெரிக்க நாட்டு டெட்ராயிட் நகரில் தோன்றிய கிவானிஸ் சங்கம், தொடக்கத்தில் வணிகர்கள் தமக்குள் தொழில் வளர்த்துக்கொள்ளக் கூடிய கூட்டமே. சில ஆண்டுகளில் அது தொண்டின் பக்கம் திரும்பிற்று. சிறுவர்க்கு நூல் வழங்குதலும், அவர்கள் படிக்க அருகிருந்து கேட்டலும் அதன் கிளைகள் பல மேற்கொண்ட பணிகள்.

ஆயினும் நான் பெரிதென மதிப்பது, 1925-இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ உயர்நிலைப் பள்ளியில் அச்சங்கத்தார் தோற்றுவித்த ‘கீ கிளப்’ என்னும் மாணவர் கழகத்தையே. அங்கே தலைவரும் செயலாளரும் பொருளாளரும் மாணவரே. தொண்டு இன்னதென முடிவு செய்வோரும் அவரே. ஆசிரியர் ஓரமாக அமர்ந்திருக்க வேண்டும். எம்போன்றோர்க்கு அஃது எளிதன்று!

ஆனால், அந்நாளில் அக்கழகத்தில் மாணவர் என்றது ஆண்பிள்ளைகளை மட்டுமே. மாணவியர் சேர 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. பெரியவர்களின் சங்கமோ மகளிரை ஏற்க 1987 ஆயிற்று. பிள்ளைகள் பத்தாண்டு முந்திக்கொண்டனர்.