காசி விசுவநாதர் சந்நிதியில்

வானளாவிய கோபுரத்தை எதிர்பார்த்துச் சென்ற நாம், காசி விசுவநாதர் ஆலயத்தின் சிறிய உருவைக் கண்டு சற்றே ஏமாற்றமடைந்தோம். மிஷன் கல்லூரியிற் சரித்திரம் பயின்ற எமக்கு ஆண்டுகளே முதலில் நினைவில் வந்தன. முன்னைய கோயில் 1669 இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் ஞானவாபி மசூதி எழுந்தது. இன்றைய ஆலயம் 1780 இல் மராட்டிய அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டுவித்தது. சிகரத்துப் பொன் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் ஈந்தது. 250 ஆண்டளவேயான இக்கட்டடத்தையா புராதனம் என்கிறார்கள் என எம்முள் ஓர் ஐயம்.

பழைய நந்தியைக் கண்டதும் அவ்வையம் தளர்ந்தது. அது புதிய சந்நிதியை நோக்கவில்லை. இடிந்த கருவறை இருந்த திசையையே இன்றும் நோக்கிக் கிடக்கிறது. அங்கே வெகுநேரம் நின்றோம். பின்னர் உள்ளே சென்றோம். வெள்ளித் தொட்டியினுள்ளே சிறிய இலிங்கம். எமக்கு முன்னே கங்கைநீர்ச் சொம்புடன் ஒரு மூதாட்டி. ஆண்டுக்கணக்கை விட்டு அவர் பின்னே நகர்ந்தோம்.