ஆப்பிரிக்க அமெரிக்கத் திருச்சபை

அமெரிக்காவில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்களும் அவர்கள் வழிவந்தோரும் கட்டியெழுப்பிய கிறித்தவச் சபைகளின் பொதுப்பெயர். பண்ணை முதலாளிகள் அடிமைமுறைக்கு விவிலியத்தில் சான்று தேடினர். அடிமைகளோ எகிப்திலிருந்து மீண்ட இஸ்ரவேலரின் வரலாற்றை அதே விவிலியத்தில் கேட்டுத் தமதாக்கிக்கொண்டனர்.

பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்த கறுப்பினத்தவரை ஆலய நிர்வாகிகள் பாதியிலேயே எழுப்பி அப்புறப்படுத்த முயன்றபோது, ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தம் மக்களுடன் வெளியேறினர். ஆலன் அடிமையாகப் பிறந்து, பணம் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டவர். 1794இல் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். 1816இல் உருவான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபைக்கு முதல் பேராயரானார்.

மற்றப் பொது அமைப்புகளின் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் சபையே பள்ளியாகவும் உதவிச் சங்கமாகவும் அரசியல் மேடையாகவும் விளங்கியது. அதன் முழு வலிமை அலபாமாவில் வெளிப்பட்டது. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நீடித்த, பேருந்துகளின் இனப்பிரிவினையை எதிர்த்த மான்ட்கொமரி பேருந்துப் புறக்கணிப்பை ஆலயக் கூட்டங்களே தாங்கின. 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றார். பகைவர் ஆலயங்களைக் குறிவைத்ததும் இதனால்தான். 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாமின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. 1965 மார்ச்சில் செல்மாவின் வாக்குரிமைப் பேரணியும் பிரௌன் சேப்பல் ஆலயத்திலிருந்தே புறப்பட்டது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

ஆலயத்தையும் அரசியலையும் இணைக்கும் அம்மரபின் தொடர்ச்சியாக, கிங் பணியாற்றிய அட்லாண்டா எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ராஃபேல் வார்னாக், 2021இல் ஜார்ஜியாவின் செனட் உறுப்பினராகப் பதவியேற்றார்.