குடல்வால் கூறும் பாடம்

வயிற்றுவலி கண்டால் வினைப்பயன் என்று கூறி வேப்பிலையும் விபூதியும் தேடும் வழக்கம் நம்மவரை இன்னும் முற்றும் விட்டபாடில்லை. நோய்க்கு அரசனும் ஆண்டியும் ஒன்றே என்பதற்கு நமது சிங்கப்பூர்ச் சரித்திரமே சான்று பகரும்.

1902 ஜூன் 26-ல் முடிசூட இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னருக்குக் குடல்வாலருகே சீழ் கட்டிற்று. விழா ஒத்திவைக்கப்பட்டது. மன்னரைக் காத்தது மந்திரமன்று. டாக்டர் டிரீவ்ஸின் கத்தியே! 1905-ல் இங்கே தோன்றிய வைத்தியப் பள்ளி, அம்மன்னரின் ஞாபகார்த்த நிதியைப் பெற்று, 1913 முதல் அவர் பெயரைத் தாங்கிற்று.

ஆயின், குடல்வாலில் தோன்றுவது சீழ் மட்டுமன்று. சளி நிறைந்து வீங்கும் குடல்வாலை வியன்னா அறிஞர் ரோகிடான்ஸ்கி 1842-ல் விவரித்தார். மெல்ல வளரும் ஒருவகைக் குடற்கட்டிக்கு 1907-ல் 'கார்சினாய்டு' எனப் பெயரிட்டவர் ஓபெர்ண்டார்ஃபர். அப்பேரறிஞரை, யூதர் என்ற ஒரே காரணத்திற்காக 1933-ல் நாஜிகள் பதவியினின்று விலக்கினர். துருக்கி அவருக்குப் புகலிடம் தந்தது. பிறப்பைக் கொண்டு அறிவை அளக்கும் மடமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!

இக்கட்டிகள் பெரும்பாலும் சாதாரணக் குடல்வால் அழற்சியாகவே வேடமிட்டு வரும். அறுத்தெடுத்த குடல்வால்களில் நூற்றுக்கு ஒன்று அளவில் இவை காணப்படும். அதுவும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்த பின்னரே பல வேளைகளில் தெரியவரும். கார்சினாய்டு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாயின், குடல்வாலை அகற்றுவதே பெரும்பாலும் போதும். இரண்டுக்கு மேற்பட்டால், வலப்புறப் பெருங்குடலையும் அகற்ற ஆலோசனை கூறுவர்.

சளிக்கட்டி வெடித்தாலோ, வயிறெங்கும் கூழ் பரவும். முன்னாளில் அதனை மீண்டும் மீண்டும் வழித்தெடுப்பதன்றி வேறு வழியில்லை. அமெரிக்க மருத்துவர் சுகர்பேக்கர் வேறொரு முறையை வளர்த்தார். கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் அகற்றி, சுமார் 42 பாகை வெப்பத்தில் மருந்தை வயிற்றினுள் சுழலவிடுவதே அம்முறை. பல மணி நேரம் நீளும் கடும் சிகிச்சை அது, எல்லார்க்கும் ஏற்றதன்று. எனினும், தகுந்தவர் பலருக்கு நீண்ட ஆயுளைத் தந்துள்ளது. ஊட்ரமில் உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் இச்சிகிச்சை உண்டு. பொங்கோலில் ஏறும் ரயில், லிட்டில் இந்தியாவைக் கடந்து அவ்விடத்திற்கே நம்மைக் கொண்டு சேர்க்கும்.

தோட்டத்தாராயினும் நகரத்தாராயினும், தையல் பிரித்ததோடு நோய் தீர்ந்ததென்று வீடு திரும்பிவிடலாகாது. "எடுத்த குடல்வாலைச் சோதித்தீர்களா? முடிவு யாது?" என்று கேட்பது நமது உரிமை. கேளாதிருந்துவிட்டுப் பின்னர் விதியை நோவதில் பயன் என்ன?