கூலி என்றைக்குக் கிடைக்கும்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சொல்லும் ஒரு வணிக வரலாறு

பி.காம். பாடத்தில் 'வணிக அறநெறி' என்று ஓர் அலகு உண்டு. தேர்வுக்கு முந்தின நாள் படித்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிற அலகு அது! நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி, இவையெல்லாம் அதில் வரும். நல்ல விதிதான். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒன்று உறுத்த வேண்டும். லாபம் என்பது பஞ்சு விலை, கரண்ட் பில், கூலி எல்லாம் போக அடியில் மிஞ்சுவது. 2 சதவீதம் என்பது அந்த அடிக்கோட்டுக்குக் கீழே செய்கிற தர்மம். மேலே, கூலி என்ற வரியில் என்ன நடந்தது என்று அது கேட்பதே இல்லை.

நான் அந்த மேல் வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உழைத்தவனுக்குக் காசு எவ்வளவு, எந்த வடிவில், எந்தத் தேதியில்? இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்த இடம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

முதலில் கதர். 1927 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது காந்தி ராஜபாளையத்துக்கு வந்தார். 1934-இல் மறுபடியும் வந்தார். (அப்போது இந்த ஊர்கள் ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்தான்.) இந்த ஊர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா காங்கிரஸ் இயக்கத்தில் வளர்ந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவும் இருந்தவர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார் என்றால், இந்த ஊரில் காந்தியின் செல்வாக்கு எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

கதர் என்றதும் நமக்குத் தேசபக்தி ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது அதன் அடக்கவிலைப் பட்டியல். 1925-இல் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கம்தான் நாடு முழுக்கக் கதர் வேலையை நடத்தியது. சங்கம் பஞ்சு கொடுக்கும், ராட்டையில் நூற்ற சிட்டத்தை வாங்கிக்கொள்ளும், நெசவாளரிடம் கொடுத்து நெய்து விற்கும். விற்பனைதான் முதல் கவலை. மில் துணியோடு போட்டி போட வேண்டுமே! விலையை இறக்க வேண்டும் என்றால் எதில் கை வைப்பது? பஞ்சு விலை நம் கையில் இல்லை. நெசவாளிக்குத் தொழில் தெரியும், பேரம் பேசுவான். கடைசியில் அடிபட்டது நூற்கிற பெண்களின் கூலி. அவர்கள் ஆயிரம் வீடுகளில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். இது இல்லாவிட்டால் வேறு வருமானமும் இல்லை. தேசத்தை விடுதலை செய்யப் புறப்பட்ட தொழில், தன் மிக ஏழைத் தொழிலாளியிடம்தான் மிச்சம் பிடித்தது.

1935-இல் காந்தி இதைத் தானே வெளிப்படையாக எழுப்பினார். நூற்பவருக்கு எட்டு மணி நேர வேலைக்கு எட்டு அணா கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. சங்கத்தில் இருந்தவர்கள் மலைத்துப் போனார்கள். அவ்வளவு கொடுத்தால் கதர் விலை எங்கேயோ போய்விடும், வாங்க ஆள் இருக்காது என்பது அவர்கள் வாதம். கடைசியில் எட்டு மணி நேரத்துக்கு மூன்று அணா என்ற அளவில் தொடங்க முடிவானது. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும் தொகை. ஆனால் அதுவரை அவர்களுக்குக் கிடைத்து வந்தது அதிலும் மிகக் குறைவு. இதில் தொகையைவிட முக்கியமானது யோசித்த வரிசை. சந்தை விலையிலிருந்து கீழே இறங்கி வந்து, மிச்சத்தைக் கூலி என்று வைக்கவில்லை. ஒரு மனுஷிக்குச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் என்ன வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு, அங்கிருந்து மேலே ஏறித் துணி விலைக்கு வந்தார்கள். அடக்கவிலைப் பட்டியலைத் தலைகீழாக எழுதியது மாதிரி. 'நியாய வணிகம்' என்ற பெயரில் மேல்நாட்டில் பிற்பாடு காபிக்கும் சாக்லேட்டுக்கும் பேசப்பட்டது இதைத்தான்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நூற்பவர்களும் கதர் உடுத்த வேண்டும் என்று சொல்லி, கூலியில் ஒரு பகுதியைக் கதராகவே கொடுக்கிற ஏற்பாடும் இதோடு சேர்ந்து வந்தது. நோக்கம் நல்லதுதான். இருந்தாலும் காசை எப்படிச் செலவழிப்பது என்று முதலாளி முடிவு செய்கிற விஷயம் எனக்கு ஒப்பவில்லை. அரிசிக்கு வழியில்லாத வீட்டில் கதர்ச் சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடமே, 1936-இல், பிரிட்டிஷ் இந்தியாவில் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. கூலியைச் செலாவணியில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும். சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில், அந்தக் காலம் முடிந்து ஏழு நாளைக்குள்ளும், மற்ற இடங்களில் பத்து நாளைக்குள்ளும் பட்டுவாடா ஆகிவிட வேண்டும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அது வாயே திறக்கவில்லை (குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வர 1948 ஆயிற்று). தொகையை யோசித்தது கதர் சங்கம், வடிவத்தையும் தேதியையும் யோசித்தது சர்க்கார். இரண்டையும் யாராவது ஒட்ட வைத்திருக்கலாம்! ஆனால் அந்தச் சட்டம் முதலில் தொழிற்சாலைகளுக்கும் ரயில்வேக்கும்தான். வீட்டுத் திண்ணையில் ராட்டை சுற்றுகிறவளை அது தொழிலாளியாகவே பார்க்கவில்லை.

அதே 1936-இல்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா (1894–1962) ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். காந்தி கதர் பேசிவிட்டுப் போன ஊரில் நூற்பாலை! முரண்பாடு மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பருத்தி, நெல் விலையெல்லாம் விழுந்து, நிலத்தில் போட்ட பணம் திரும்பி வராத காலம். தென் தமிழ்நாட்டில் அதற்கு முன் பெரிய மில்கள் என்றால் ஹார்வி மில்கள்தான். 1885-இல் பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தில் தொடங்கி, தூத்துக்குடி, மதுரை என்று பரவியவை. 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கோரல் மில்லில் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள்: கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு. லாபம் கப்பல் ஏறுகிறது, கூலி ஊரில் தேய்கிறது என்ற கோபம் அதில் இருந்தது. உள்ளூர்க்காரர்களே பங்குபோட்டுத் தொழில் நடத்த வேண்டும் என்ற ஆசைக்கு வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி (1906) ஒரு முன்னோடி. 25 ரூபாய்ப் பங்கு, நாற்பதாயிரம் பங்குகள். அது 1911-இல் மூடப்பட்டது வேறு கதை.

ராஜபாளையத்தில் மில்லுக்குப் பிறகு 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. மருத்துவப் பஞ்சு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். பக்கத்தில் சத்திரப்பட்டி இன்றைக்கும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அடிபட்ட இடத்தில் நீங்கள் சுற்றுகிற துணி அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 1961-இல் அதன் உற்பத்தி. அந்தக் குழுமத்தின் கதையை நிறையப் பேர் எழுதியாயிற்று, நான் நீட்டவில்லை. மில் வந்ததால் மாறியது என்ன என்று கேட்டால், பட்டுவாடாத் தேதி என்று ஒன்று வந்தது என்பேன். மழை பெய்தால் கூலி, அறுவடையானால் கூலி என்று இருந்த பூமியில் மாதம் இந்தத் தேதியில் இவ்வளவு என்று எண்ணிக் கையில் வாங்குவது சின்ன விஷயமா? மளிகைக் கடைக்காரர் நம்பிக் கடன் கொடுப்பதே அந்தத் தேதியை வைத்துத்தானே.

அந்தத் தேதியைத் திருடினால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டு நூற்பாலைகளிலேயே உதாரணம் இருக்கிறது. எந்த ஒரு மில்லையும் குறித்து இதைச் சொல்லவில்லை. தொழில் முழுக்கப் பேசப்பட்ட விஷயம் இது. 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். ஏழை வீட்டு இளம்பெண்களை மில் விடுதியில் தங்கவைத்து, கொஞ்சம் சம்பளம் கொடுத்து, சுமார் மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்வது. நடுவில் உடம்பு முடியாமல் விலகினால் அந்தத் தொகை போச்சு. 2011-இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பியத் துணிக் கம்பெனிகளே பதில் சொல்ல வேண்டி வந்தது. நான் இதை ஒரு கணக்குக்காரனாகப் பார்க்கிறேன். மூன்று வருடம் பிடித்து வைத்த கூலி என்பது, தொழிலாளியிடம் மில் வாங்கிய வட்டியில்லாக் கடன். 1936-இலேயே ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் எழுதியாயிற்று. அதைத் தாண்டுவதற்குத் தேவைப்பட்டது இரண்டு வார்த்தைகள்தான்: தொழிலாளிக்குப் 'பயிற்சியாளர்', கூலிக்கு 'ஊக்கத்தொகை'.

இனி பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ஆண்டாள் கோவிலுக்கு வருகிறவர்கள் பால்கோவா வாங்காமல் திரும்ப மாட்டார்கள். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் அதில் இல்லை. ஆனால் இனிப்பாக மட்டும் பார்க்காதீர்கள், அது ஒரு சேமிப்பு முறை. பாலில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மிஞ்சிய பால் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். அந்தப் பயத்திலேயே மாட்டுக்காரர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார். காய்ச்சிச் சுண்டவைத்தால் பேரம் பேச நேரம் கிடைக்கிறது.

இங்கே தனியார் கடைகளோடு பால் கூட்டுறவு சொசைட்டியும் பால்கோவா செய்து விற்கிறது. கூட்டுறவின் வேர் 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்களிடம் இருக்கிறது. இந்தியாவில் 1904 சட்டம், பிறகு 1946-இல் ஆனந்த். பால் சொசைட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அளவுகோல். கொழுப்பைச் சோதித்து விலை போடுவார்கள். கெர்பர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1891-இல் கண்டுபிடித்த சோதனை இது. இரண்டு எருமை வைத்திருக்கிற பாட்டிக்கும் இருபது மாடு வைத்திருக்கிறவருக்கும் ஒரே குழாய், ஒரே அளவு. தண்ணீர் கலந்தால் தெரிந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் நேர்மை. பால் பணம் தள்ளிப்போகிறது என்ற புகார் மட்டும் தமிழ்நாட்டில் அவ்வப்போது எழுந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கேயும் பிரச்சினை தேதிதான்!

2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிராண்ட் என்றால் ஒரு முதலாளிக்குச் சொந்தம். இது ஊருக்குச் சொந்தம். வேறு ஊரில் எதையோ கிண்டி இந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஆனால் பெயரால் கூடுகிற விலையில் மாட்டுக்காரருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ரோட்டில் போனால் டி.கல்லுப்பட்டி வரும். ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, காந்தியோடு போனவர். 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1945-இல் வந்தது. நீடித்த வளர்ச்சி என்று ஐ.நா. குழு 1987-இல் பேசுவதற்கு நாற்பது வருடம் முன்னால்! புலி மாதிரி அடித்துத் தின்னும் பொருளாதாரம் உண்டு, தேனீ மாதிரி எடுக்கிற பூவுக்கும் உதவி செய்து கூட்டாகச் சேர்க்கிற பொருளாதாரமும் உண்டு என்று வகை பிரித்தார். பின்னாடி 1988-இல் இந்த மலையடிவாரம் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. புலியைக் காப்பாற்றினால்தான் காடு, காடு இருந்தால்தான் ஓடைத் தண்ணீர், தண்ணீர் இருந்தால்தான் மாட்டுக்குப் புல். குமரப்பாவின் புலிக்குக் கொஞ்சம் அநியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கிறேன் :-) பால்கோவா அடுப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. வாங்குகிறவனுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது குமரப்பாவின் கட்சி.

1936 சட்டம் இப்போது இல்லை. 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தபோது அது இதற்குள் சேர்ந்துவிட்டது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். முன்போல ஆயிரம் பேர் கணக்கு கிடையாது, பெரிய இடம் சின்ன இடம் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. மில்லில் நூற்கிறவருக்கு அது பொருந்தும். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை, விற்பனையாளர். அவருக்கு ஏழாம் தேதி கிடையாது.