போஞ்சிக்கு யார் பேர் வச்சது?

போன டிசம்பர் லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப நானுஓயாவுல பல்லு கிட்டுற குளிர். ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல ரொட்டியும், மைசூர் பருப்பு போட்ட போஞ்சிக் கறியும். அடுப்பு ஓரத்துல குந்திச் சாப்பிடும்போதுதான் யோசிச்சேன்: தமிழ்நாட்டில் 'பீன்ஸ்' என்கிறதை நாம மட்டும் ஏன் 'போஞ்சி' என்கிறோம்?

விடை ஒல்லாந்தரிடம் இருக்கிறது. அவர்கள் மொழியில் 'போன்' என்றால் அவரை வகை. 'போன்ச்சே' என்றால் சின்ன அவரை. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்டவர்கள் விட்டுப்போன சொல் அது, சிங்களத்திலும் 'போஞ்சி'தான். (கக்கூசும் அவங்க தந்த சொல்தான், சாப்பிடும்போது நினைக்க வேணாம்.) கோவா, போர்த்துக்கேயரின் 'கோவ்'. கரட்டும் லீக்சும் இங்கிலீஷ். ஒரே சட்டிக்குள்ள மூணு ஆட்சி வேகுது. செடியோ இந்த மூணு பேருடையதும் இல்லை. போஞ்சியை முதலில் பயிராக்கியவர்கள் மெக்சிகோவிலும் அந்தீஸ் மலையிலும் வாழ்ந்த பழங்குடிகள். 1492க்குப் பிறகுதான் ஐரோப்பாவே அதைக் கண்டது.

நுவரெலியா மரக்கறி என்றதும் சொல்லப்படுகிற கதை வேறு. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை போட்டார், அதோட எல்லாம் தொடங்கிச்சு என்பார்கள். பண்ணை போட்டது உண்மை. ஆனால் 'போஞ்சி' என்ற சொல்லே அவருக்கு முந்தியது. பேக்கர் ஏழெட்டு வருசத்தில் கப்பலேறிவிட்டார். அதுக்குப் பிறகு இத்தனை வருசமா இந்த மலையில் பாத்தி கட்டினவங்க, பனியில நின்னு காய் ஆய்ஞ்சவங்க பேர் ஒண்ணும் அந்தக் கதையில் இல்லை.

நான் இதையெல்லாம் பெரிய ஆராய்ச்சி மாதிரிச் சொல்ல, அப்பாயி கேட்டுட்டு, "பருப்பு போட்டு ஆக்குனது எப்ப இருந்துன்னு தெரியுமா?" என்றார். தெரியாது. பருப்பு இந்த மண்ணில் விளைவதில்லை, கப்பலில் வர வேண்டும். எழுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது பருப்பும் அதில் மாட்டியது. 1973, 74இல் அரிசியும் மாவும்கூடப் போதவில்லை. தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள், 1974இல் தோட்டப்புற மரண வீதம் சட்டென்று ஏறியது. அப்ப அப்பாயிக்கு இருபது வயசுகூட இல்லை.

"லயத்துக்குப் பின்னால நாலு கொடி போஞ்சி இருந்துச்சு. உப்புப் போட்டு அவிச்சுத் தின்னோம். பருப்பு கண்ணுல படல."

அந்த வருசங்களைப் பற்றிக் கம்பஸ் நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன, நானும் வாசித்திருக்கிறேன். எங்க வீட்டுல அது நடந்ததுன்னு மட்டும் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்பவும் அப்பாயி பருப்பு அளக்கிற விதம் ஒண்ணுதான்: ஒரு கை அள்ளிப் போடுவார், பிறகு அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்து மறுபடி டின்னுக்குள்ள போட்டு மூடிவிடுவார்.