சிறு தராசும் செவ்விய நிறையும்

பொற்கொல்லரின் சிறு தராசைக் கண்டிருப்பீர்கள். இரு தட்டு, ஒரு கோல், நடுவே ஒரு முள், நிறைகல்லோ குன்றிமணி. ஒரு மணி ஏறக்குறைய ஒரு கிராமின் 8-இல் ஒரு பங்கு. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது வழக்கு. நிறுப்பதற்கு நல்ல இவ்விதை நஞ்சுடையது என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் மறக்கலாகாது.

இதனினும் வியப்புக்குரியவை சிந்துவெளி நிறைகற்கள். 4000 ஆண்டுகளுக்கு முன்னரே அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கல்லைக் கனசதுரமாகச் செதுக்கினர். சிறியது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அடுத்தடுத்து இரட்டித்து, 16 மடங்கில் ஏறத்தாழ 13.7 கிராம். அவர்தம் எழுத்தை நாம் இன்னும் வாசித்தறியவில்லை, நிறையை அறிந்துகொண்டோம்!

1669-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரொபர்வால் தட்டுகளைக் கோலின் மேலே அமைத்தார். கடைக்கும் அடுக்களைக்கும் அது வசதியாயிற்று. ஆயினும் மூட்டுகளின் உராய்வினால் நுண்மை குன்றியது. மின்தராசு மலிந்த இந்நாளிலும், மருந்துச் சரக்கை இருதட்டுத் தராசில் நிறுக்க விரும்புவோர் தொங்குதட்டையே நாடுதல் நன்று. வாங்குமுன், சமமாய் நின்ற பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி நிறுத்துப் பாருங்கள். முள் மீண்டும் நடுவில் நின்றால் கோலின் இரு கைகளும் சமம். சாய்ந்தால் அத்தராசைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.